மூன்றாவது கோட்டையில் ஒரு பொட்டு

எங்கள் வீட்டுக்குப் பால் காய்ச்சிப் பல வருடங்கள் ஆகின்றன. வீடு இன்னும் முடியவில்லை. ஆடி பிறப்பதற்குள் காய்ச்சியே தீரவேண்டும் என்று என் மாமனார் சுந்தரமூர்த்தி ஒற்றைக் காலில் நின்றார். பூசாத சுவர்களுக்கு நடுவே மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டினோம், பால் பொங்கியது, படம் எடுத்துக்கொண்டோம். முகூர்த்தம் தப்பவில்லை. பூச்சு வேலைதான் தப்பிவிட்டது. மாடி அறையில் இன்றைக்கும் சுவரில் சாய்ந்தால் முதுகில் செங்கல் தூள் ஒட்டும். ஜன்னலுக்குக் கதவு கிடையாது, தார்ப்பாய்தான். முகப்பில் தொங்கவிட்ட திருஷ்டி பொம்மைக்கு மழையில் மீசை கரைந்துவிட்டது. ஆனாலும் அது வேலையை விடவில்லை.

அந்த மாடி அறையில்தான் என் கணவர் ஆனந்தராஜ் ஒன்றரை வருடமாக உட்கார்ந்திருக்கிறார். சென்னையில் கம்பெனி ஆள் குறைத்தபோது அவரையும் குறைத்துவிட்டது. செஞ்சிக்கு வந்து சேர்ந்த அன்றே மாமனார் தெருவெல்லாம் சொல்லிவிட்டார், பையனுக்கு அமெரிக்கா கம்பெனி வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம் என்று. அதற்குப் பிறகு வெளியே போனால் யாராவது எதையாவது கேட்பார்கள் என்று இவர் வாசல்படி தாண்டவில்லை. காய்கறியிலிருந்து முடிவெட்டும் கத்தரிக்கோல் வரை எல்லாம் மாடிக்கே வரும். கொண்டுவருகிறவள் நான்.

அறைக்குள் அவர் சும்மா இருக்கவில்லை. கல்லூரியில் படித்தபோது நண்பர்களோடு சேர்ந்து 'விண்கோட்டை' என்று ஒரு வீடியோ கேம் செய்திருந்தார். ஒரு சின்னக் கப்பல், எதிரே வருவதையெல்லாம் சுட்டுக்கொண்டு, ஆகாயத்தில் மிதக்கும் கோட்டைகளை ஒவ்வொன்றாகக் கடந்து போகவேண்டும். அந்த நண்பர்களில் ஒருவரான ரஹமத் காந்தி பஜாரில் நடத்திய பிரவுசிங் சென்டரில் சிடி தேயும்வரை பையன்கள் ஆடினார்களாம். அதைத் தூசி தட்டி, புதுக் கம்ப்யூட்டர்களில் ஓடும்படி மறுபடி எழுதினார். படங்கள் அத்தனையும் நான் வரைந்தவை. கல்யாணத்துக்கு முன்னால் பாண்டிச்சேரியில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வரைந்துகொண்டிருந்தவள் நான். கப்பல், கோட்டை, வால்மீன், வெடிக்கும் நெருப்பு எல்லாம் என் கை. பெயர் மட்டும் 'ஆனந்தராஜ் வழங்கும்' என்று வரும். வீட்டுச் சமையலுக்குப் பெயர் போடுகிறோமா என்று நானும் விட்டுவிட்டேன்.

முழுதாக முடியுமுன்பே கேமை விற்பனைக்கு விடலாம், வாங்குகிறவர்கள் ஆடிப் பார்த்துக் குறை சொல்வார்கள், நாம் திருத்திக்கொண்டே போகலாம், இதற்கு ஏர்லி ஆக்சஸ் என்று பெயர் என்றார் அவர். மாமனாருக்கு அது பிடிபடவில்லை.

"முடிக்காத சாமானை எவன்டா வாங்குவான்?" என்றார்.

"முடிக்காத வீட்ல நீங்க பால் காய்ச்சலையா மாமா? அதே மாதிரிதான்" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

எனக்கு அந்தக் கேம் வெளியாவதில் ஒரு சுயநலம் இருந்தது. அதை மறைப்பானேன்? கோயம்புத்தூரில் ஒரு அனிமேஷன் கம்பெனி என் படங்களைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. என் பெயருக்கு வந்த வேலை. மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரலாம், பிறகு அங்கே ஒரு வீடு பார்த்து அவரையும் அழைத்துக்கொள்ளலாம். நான் கேட்டபோது ஆனந்தராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

"ரிலீஸ் ஆவட்டும் ஷோபா. ஆயிட்டா மிச்சத்தை நானே பாத்துப்பேன். நீ கெளம்பு. நானும் மெல்ல வெளிய வந்துடுவேன்."

அன்றே பெட்டியில் துணியை அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ராகு காலம் கழிந்தபிறகு, ரிலீஸ். மாமனார் லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் இட்டுச் சூடம் காட்டினார். தெருவில் பூசணிக்காய் உடைத்தார். எதிர்வீட்டு வள்ளியம்மாள் "இன்னா விசேஷம்?" என்று கேட்டதற்கு "பையனுக்கு ப்ரமோஷன்" என்றார். பொய்க்கு மட்டும் அவர் தடங்கலில்லாமல் மாடிமேல் மாடி கட்டுவார்.

அவரைப் பார்த்துச் சிரித்தவள்தான் நானும். ஆனால் ஆனந்தராஜ் குளிக்கப் போயிருந்த நேரத்தில் மூன்றாவது கோட்டையின் படத்தைக் கடைசியாக ஒருமுறை திறந்து பார்த்தபோது எனக்கே கண்பட்டுவிடும் போலிருந்தது. செஞ்சியின் ராஜகிரிக் கோட்டையைத்தான் மனதில் வைத்து வரைந்திருந்தேன், அடுக்கடுக்காக மதிலும் உச்சியில் கோபுரமும். இதை ஊர் உலகமெல்லாம் பார்க்கப் போகிறதே. பச்சைப் பிள்ளையைப் பொட்டு வைக்காமல் யாராவது தெருவுக்குத் தூக்கிப் போவார்களா? வெளிமதிலின் மூலையில் ஒரு சின்னப் பொட்டு வைத்தேன். நல்ல கறுப்பு, கண்மை கறுப்பு. கேமில் பழைய படத்தை எடுத்துவிட்டு இதை வைத்து ஃபைலை மூடிவிட்டேன். சொன்னால் 'நீயுமா' என்று கேலி செய்வார் என்று சொல்லவில்லை. அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பட்டனை அழுத்தினார். விண்கோட்டை வெளியாகிவிட்டது.

முதல் நாள் ஒரே பாராட்டு. மறுநாள் காலையிலிருந்து வேறு மாதிரி வர ஆரம்பித்தது. மூன்றாவது கோட்டையில் மாட்டிக்கொண்டேன், மூன்றாவது கோட்டையில் கப்பல் மதிலுக்குள் புகுந்துவிட்டது, வெளியே வர வழியில்லை. பெயர்கூட வாயில் நுழையாத ஊர்களிலிருந்தெல்லாம் ஒரே புகார். மதிலுக்குள்ளே எதிரி இல்லை, சுட எதுவும் இல்லை. ஆடினது தானாகச் சேமிக்கப்படும் என்பதால் அணைத்துவிட்டு மறுபடி திறந்தாலும் கப்பல் அதே இருட்டுக்குள்தான் நிற்கும். செத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், இங்கே சாவும் வரமாட்டேன் என்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு அடுப்படியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பொட்டின் நினைப்பு எனக்கு வரவேயில்லை. படத்தில் வைத்த ஒரு புள்ளி கப்பலை விழுங்கும் என்று யாருக்குத் தோன்றும்?

"எங்கன்னே தெரியலை ஷோபா" என்றார் ஆனந்தராஜ். திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மதில்ல எங்கியோ ஓட்டை இருக்குது. மூணாவது கோட்டை மதிலு எல்லாத்தையும் ஒருதரம் புதுசா வரைஞ்சிடு. நான் இந்தப் பக்கம் கோடிங் பாக்குறேன். ரெண்டையும் சேத்து ஏத்திடலாம்."

"நான் வர்ற திங்கக்கிழமை கோயம்புத்தூர்ல இருக்கணுமே."

"இந்த ஒரு அப்டேட் போட்டுட்டு நீ போ."

கோயம்புத்தூருக்குப் போன் செய்தேன். என்னைத் தேர்ந்தெடுத்த அமலா மேடம் நல்ல மாதிரி. இன்னும் ஒரு வாரம் தருகிறேன், அதற்கடுத்த திங்கட்கிழமை வரவில்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், என் கையில் இல்லை என்றார்.

அந்த வாரம் முழுக்க மதில் வரைந்தேன். பூசாத சுவருக்குள் உட்கார்ந்துகொண்டு ஆகாயத்துக் கோட்டைக்குக் கல் கல்லாக மதில் வைத்தேன். வெயில் தார்ப்பாயைத் தாண்டி வந்து உட்கார்ந்துகொண்டது. மின்விசிறி அனல் காற்றைத்தான் சுற்றிவிட்டது. ஒரு மதிலை முடித்துக் கொடுத்தால், "இதுல இல்ல போலக்குது, அடுத்ததைப் பாரு" என்பார். தார்ப்பாயின் ஓரத்தை விலக்கினால் ராஜகிரி தெரியும். உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்ததிலிருந்து ஏகப்பட்ட கூட்டம். எறும்பு மாதிரி வரிசையாக ஏறுவார்கள், செல்பி எடுத்துக்கொள்வார்கள், பொழுது சாய்வதற்குள் இறங்கிப் பஸ் பிடித்துவிடுவார்கள். எனக்கு அவர்கள் மேலெல்லாம் பொறாமையாக இருந்தது. கோட்டைக்கு வந்துவிட்டு வெளியே போகத் தெரிந்தவர்கள்.

ஒன்று சொல்லவேண்டும். அந்த வாரத்தில் ஆனந்தராஜ் என்னை அப்படித் தாங்கினார். இஞ்சி தட்டிப் போட்டு அவரே டீ போட்டுக் கொண்டுவந்து தருவார். கழுத்து வலிக்கிறதா என்று கேட்பார். ஒருநாள் சட்டினிகூட அரைத்தார். இவ்வளவு நல்ல மனுஷனை இந்தச் சிக்கலில் விட்டுவிட்டுப் போக நினைத்தோமே என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுத்து இரண்டு புடவையை வெளியே எடுத்தும் வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அமலா மேடத்திடம் வரமுடியாது என்று சொல்லிவிடுவது என்று முடிவு.

அந்த ஞாயிறு அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற ஜனம் காலையிலேயே செஞ்சியை நிறைத்துவிட்டது. மஞ்சள் புடவைகளும், வேப்பிலை கட்டிய வேன்களும், எலுமிச்சை மாலை போட்ட டிராக்டர்களும். என் சார்ஜர் வயர் பிய்ந்துபோயிருந்ததால் ரஹமத்தின் கடைக்குப் போனேன். பிரவுசிங் சென்டர் இப்போது மொபைல் சர்வீஸ் கடையாகிவிட்டது. ஊரில் ஆனந்தராஜின் உண்மை நிலை தெரிந்த ஒரே ஆள் அவர்தான். முதல் நாளே விண்கோட்டையை வாங்கி, அடுத்த நாள் மூன்றாவது கோட்டையில் மாட்டிக்கொண்டு, எனக்குப் போன் போட்டுப் புலம்பியவர்.

இப்போது கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் சுட்டுக்கொண்டிருந்தார். திரையைப் பார்த்தேன். நீல மதில், இரட்டைக் கோபுரம். நான்காவது கோட்டை. நான் வரைந்ததுதான். ஆனால் உலகத்தில் யாரும் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்?

"அண்ணே, நீங்க மூணாவதுல மாட்டிக்கிட்டு இருந்தீங்களே?"

"அது பழைய கதை தங்கச்சி. ஆனந்து மறுநாளே எனக்கு மட்டும் தனியா ஒரு காப்பி அனுப்பிச்சிட்டானே. ஏதோ கறுப்புப் புள்ளியாம். நாங்க அந்தக் காலத்துல எழுதுனப்பவே, மதில்ல முழுக் கறுப்பு எங்க இருந்தாலும் அது ஓட்டைன்னு கப்பல் பூந்துடற மாதிரி எழுதி வச்சிருந்தோம். தப்பித்தவறிக்கூட படத்துல கறுப்பு வந்துடக்கூடாதுன்னுதான் வானத்தைக்கூட கருநீலத்துல போட்டோம். அந்தப் புள்ளி மதிலுக்கு வெளிப்பக்கம் மட்டும் இருந்துச்சாம். உள்ள பூந்துட்டா திரும்பி வர ஓட்டை இல்ல."

கல்லாவைச் சுற்றிப் போய்த் திரைக்கு அருகில் நின்றேன்.

"மூணாவதைக் கொஞ்சம் காட்டுங்கண்ணே."

காட்டினார். வெளிமதிலின் மூலை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. என் பொட்டு இல்லை. புதிதாக நான் வரைந்து கொடுத்த மதில் ஒன்றுகூட அங்கே இல்லை. எல்லாம் பழையது, பொட்டை மட்டும் எடுத்தது.

வானத்துக்கு எப்போதும் அவர் கருநீலத்தையே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. ஏன் என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ரஹமத் என் முகத்தைப் பார்த்தார். "நான் எதாச்சும் ஒளறிட்டனாம்மா?"

"இல்லண்ணே. வயரைக் குடுங்க."

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று எனக்குத் தெரியாது. எதிரே வந்த கூட்டத்தில் யாரையெல்லாம் இடித்தேனோ. மாடிப்படி ஏறும்போது இஞ்சி வாசனை வந்தது. அவர் டீ போட்டு வைத்திருந்தார்.

"மறுநாளே தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"பொட்டு வச்சது நான்னு தெரியும். எடுத்தா சரியாயிடும்னு தெரியும். தெரிஞ்சிக்கிட்டே ஒரு வாரமா என்னைய உக்கார வச்சி மதில் வரைய உட்டிருக்கீங்க."

"ஏத்திட்டா நீ போய்டுவே" என்றார். அவ்வளவுதான். ஒளிக்கவும் இல்லை, சண்டைக்கும் வரவில்லை. "நீ போய்ட்டா நான் இந்த ரூமை உட்டு வரவே மாட்டேன் ஷோபா. எனக்குத் தெரியும் அது."

"அதுக்கு?"

"இன்னும் ஒரு ரெண்டு மாசம்..."

"கைதிக் கிணத்துல ஆளைத் தள்ளுனவங்ககூட மேல நின்னு டீ போட்டுக் குடுத்திருக்க மாட்டாங்க!"

கோட்டையில் அப்படி ஒரு கிணறு இருக்கிறது. பாறைக்குள் ஆழமான பள்ளம். தண்டனை பெற்றவனை உள்ளே தள்ளி அப்படியே விட்டுவிடுவார்களாம், சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. செஞ்சியில் பிறந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். அவர் முகம் செத்துப்போனது. சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. எரிந்துகொண்டிருந்தது எனக்கு. அழுகையும் கூடவே வந்தது, அதனால் இன்னும் எரிந்தது.

"என்னைய மட்டும் பூட்டி வச்சிருந்தீங்கன்னா அது நம்ம வீட்டு விவகாரம். யாரோ எவரோ, நம்மள நம்பி வாங்கினவங்க. அவங்களையும் சேத்து இல்ல இருட்டுல நிக்க வச்சிருக்கீங்க. நீங்க ஏத்துங்க, ஏத்தாம போங்க. நான் கெளம்புறேன்."

கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தேன். எடுத்து வைத்த புடவைகளைத் திரும்பத் திணித்தேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. லேப்டாப் திறந்தே இருந்தது. ஒரு விரல் அழுத்தினால் போதும். அந்த விரல் அசையவில்லை. நான் அழுத்தியிருக்கலாம், தடுத்திருக்கமாட்டார். ஆனால் அதையும் நானே செய்துவிட்டுப் போனால் அப்புறம் அவருக்கு என்று என்னதான் மிச்சம்?

கீழே மாமனார் கதவோரம் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். பூசாத சுவருக்கு ரகசியம் தாங்காது. எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை, கிளம்புகிறவளை அப்படிக் கேட்கக்கூடாது. பெட்டியை வாங்கித் தன் டிவிஎஸ் வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டபிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அமெரிக்கா கம்பெனின்னு நான் ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருந்தா அவன் தெருவுலயாவது நடந்திருப்பான்மா" என்றார். போய்ட்டு வரேன் மாமா என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் எள் போட்டால் எள் விழாது. "மலையனூர், மலையனூர், மலையனூர்" என்று எல்லாக் கண்டக்டரும் ஒரே பாட்டு. திருவண்ணாமலை போய் அங்கிருந்து சேலம், கோயம்புத்தூர் என்று போகவேண்டும் நான்.

"திருவண்ணாமலை வண்டியெல்லாம் ஸ்பெஷலுக்குத் திருப்பி உட்டுட்டாங்கம்மா" என்றார் ஒரு கண்டக்டர். "இதுல ஏறி மலையனூர் போயிடு. அங்கிருந்து அண்ணாமலைக்கு வண்டி நிக்குது."

ஏறினேன். ஏறினேன் என்பதைவிட ஏற்றப்பட்டேன். பெட்டி ஒருத்தி காலடியில், நான் இன்னொருத்தியின் தோளோடு தோளாக. வழியில் வளத்தி ஊரைத் தாண்டியதும் பஸ் நின்றது. முன்னால் பஸ், பின்னால் பஸ், இரண்டு பக்கமும் நடந்து போகிற ஜனம். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்தார். மூச்சு முட்டியது. வீட்டை விட்டு வந்தும் இதுதானா என்று நினைத்தேன். இறங்கித் திரும்பி நடந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பொய் சொல்வானேன், தோன்றியது. இறங்கத்தான் இடமில்லை.

அப்போது கைப்பையில் போன் அதிர்ந்தது. கூட்டத்தில் டவர் சரியாக எடுக்காமல் எழுத்து வரி வரியாக வந்தது. விண்கோட்டையின் பக்கத்தில் புது அறிவிப்பு.

'மூன்றாவது கோட்டையில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் இப்போது வெளியே வரலாம். காரணம் எனக்கு ஒரு வாரமாகத் தெரியும். தெரிந்தும் தாமதம் செய்தது நான். அதற்குச் சொந்தக் காரணம் ஒன்று இருந்தது, அது நியாயமில்லை. வேலை போனபிறகு செய்த கேம் இது. மன்னிக்கவேண்டும். ஆனந்தராஜ், செஞ்சி.'

வேலை போனபிறகு. அந்த இரண்டு வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டில் யாரும் உரக்கச் சொல்லாதது. எதிர்வீட்டு வள்ளியம்மாளின் பேரன்கூட இந்நேரம் படித்திருப்பான்.

கொஞ்ச நேரம் கழித்து ரஹமத்திடமிருந்து ஒரு வீடியோ வந்தது. புது அப்டேட்டை ஆடிக்கொண்டே போனில் திரையைப் படம்பிடித்திருந்தார். அவருக்கு ஏற்கெனவே சரிசெய்த காப்பி இருக்கிறதே, இதை எதற்கு அனுப்புகிறார் என்று நினைத்தபடி பார்த்தேன். மூன்றாவது கோட்டை, வெளிமதில், மூலை. அங்கே பொட்டு இருந்தது. நான் வைத்த அதே இடத்தில், அதே அளவில். ஆனால் கறுப்பு இல்லை, கருநீலம். எடுத்து எறிந்துவிட்டிருக்கலாம், ரஹமத்துக்கு அப்படித்தான் அனுப்பியிருந்தார். எடுக்காமல், நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார். ரஹமத்தின் கப்பல் வேண்டுமென்றே அதன்மேல் போய் மோதியது. உள்ளே போகவில்லை. தட்டித் திரும்பி வந்து, தன்பாட்டுக்கு மேலே போனது.

வீடியோவின் கடைசியில் ரஹமத்தின் கடை வாசல் ஒரு கணம் தெரிந்தது. மஞ்சள் புடவைக் கூட்டத்துக்கு ஓரமாக, சவரம் செய்யாத முகத்தோடு, செருப்புகூட இல்லாமல் ஒருவர் நின்றிருந்தார். ஒன்றரை வருடமாகப் பார்க்காத வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

என் கோபம் தீரவில்லை. தீருவதற்கு நாளாகும், அதை அவரிடமும் சொல்வேன். ஆனாலும் அத்தனை பேர் நடுவில், யார் பார்த்தால் என்ன என்று அழுதேன். பக்கத்தில் நின்ற அம்மாள், நான் அங்காளம்மனுக்காக உருகுகிறேன் என்று நினைத்து, தன் தாம்பாளத்திலிருந்த குங்குமத்தை எடுத்து என் நெற்றியில் வைத்துவிட்டார். முன்னால் நின்ற பஸ் ஒன்று நகர்ந்தது. டிரைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு இன்ஜினைப் போட்டார்.